வட்டாட்சியர் அலுவலகம் எதிரே ஒரு டைப்பிங் கடை: லினக்ஸுக்கு மாறிய கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊர். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் டைப்பிங் கடை ஒன்றில் 2025 ஆடி மாதம் தொடங்கி தை வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கடைக்காரர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் முடித்தவர். உதவிக்கு ஓர் இளைஞர். மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ் ஆகியவைதான் அன்றாட வேலை. முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழும் சேர்ந்துகொள்ளும்.

கடையில் இரண்டு கணினிகள். இரண்டிலும் இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 சில்லு, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அக்டோபர் 14, 2025 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். இந்தக் கணினிகளில் அதற்கு வழியில்லை. புதிதாக இரண்டு கணினி வாங்குவது அந்தக் கடையின் வருமானத்துக்குப் பெரிய செலவு. கடையிலிருந்த மென்பொருள் எதற்கும் உரிமம் கிடையாது என்பதும் அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. எங்கள் ஊர்க் கட்டற்ற மென்பொருள் (லினக்ஸ் போல, யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருள்) ஆர்வலர்களிடம் அவராகத்தான் வந்து கேட்டார். யாரும் போய்ப் பிரசாரம் செய்து மாற்றவில்லை. பின்னால் வந்த சிரமங்களை அவர் பொறுத்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிறுவும் முன் கவனித்தவை

எதையும் நிறுவுவதற்கு முன் சில நாள் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். "உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும்?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் "வேர்ட் வேணும், போட்டோஷாப் வேணும்" என்றுதான் சொல்வார்கள். எந்த வேலை எங்கே தொடங்குகிறது, கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம்.

முதலில் தெரிந்தது, அந்தக் கடையில் யாரும் வெற்றுப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. வாடகை ஒப்பந்தம் என்றால் போன வாரம் யாருக்கோ அடித்த கோப்பைத் திறந்து, பெயரையும் முகவரியையும் தொகையையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்பார்கள். பட்டா மாறுதல் மனுவும் அப்படித்தான். ஆகவே அந்தப் பழைய கோப்புகள்தான் கடையின் மூலதனம். அவை எல்லாமே ஒருங்குறிக்கு (யூனிகோடு, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் தெரியும்.

கடைக்காரர் மெனுவை எழுத்துக்கூட்டி வாசிப்பதும் இல்லை. மேலே எந்த மூலையில் எந்தப் படம் என்பது கைக்குத் தெரியும். "அந்தப் பட்டனுக்கு என்ன பெயர் அக்கா?" என்றால் யோசிப்பார், விரல் அதற்குள் அழுத்தி முடித்திருக்கும்.

மூன்றாவது, அவசரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நேரம் முடிவதற்குள் அடித்துக் கொடுக்க வேண்டும். எதிரே நான்கு பேர் நிற்பார்கள். வீட்டில் நிதானமாக உட்கார்ந்து ஒரு மென்பொருளைப் பழகிப் பார்ப்பவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அரை நிமிடத் தயக்கம்கூட இங்கே நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

எடுத்த முடிவுகள்

ஒரு கணினியை மட்டும் முதலில் மாற்றுவது, இன்னொன்றைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுத்தோம். கடை ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்பது காரணம். ஆடியில் தொடங்கியதும் அதனால்தான். அந்த மாதத்தில் அழைப்பிதழ் வேலை குறைவு.

ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஓர் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தை நிறுவினோம். கீழே பட்டை, இடப்பக்க மூலையில் மெனு என்று அவருக்குப் பழகிய அமைப்பு அதில் இயல்பாகவே இருக்கிறது. 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்களும் உண்டு. எழுதுவதற்கு, வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ். பட்டன்களை வேர்டு போலத் தாவல்களாக அடுக்கிக் காட்டும் தோற்றம் 2019-இல் வந்த 6.2 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. ஆனால் அதை நாமாகத் தேடி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினோம். கோப்புகள் எப்போதும் வேர்ட் வடிவிலேயே சேமிக்கப்படும்படி வைத்தோம். வாட்ஸ்அப்பில் கோப்பை வாங்கும் வாடிக்கையாளர் போனில் அது திறக்க வேண்டும்; அங்கே போய் லிப்ரே ஆபீஸின் சொந்தத் திறந்த வடிவத்தின் பெருமையைப் பேச முடியாது. மெனுக்களை ஆங்கிலத்திலேயே விட்டோம், அவர் பழகியது அதில்தான் என்பதால்.

பழைய கோப்புகள் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றும் ஆசை எங்களுக்கு இருந்தது. சோதித்துப் பார்த்ததும் கைவிட்டோம். ஒரே கோப்பில் தமிழ்ப் பகுதி பழைய எழுத்துருவிலும், ஆங்கிலப் பெயரும் முகவரியும் சாதாரண ஆங்கில எழுத்துருவிலும் இருக்கும். எழுத்துரு மாற்றும் நிரலைக் கோப்பு முழுவதற்கும் ஓட்டினால் ஆங்கிலமும் சேர்ந்து புரியாத தமிழாகிவிடும். எனவே அன்றாடம் புழங்கும் முப்பது சொச்சம் மாதிரிகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி, வரிக்கு வரி சரிபார்த்து, ஒரே கோப்புறையில் வைத்தோம். மற்றவை விண்டோஸ் கணினியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் வாரங்கள்: விசைப்பலகையும் எழுத்துருவும்

தட்டச்சு ஹையர் முடித்தவரிடம் போய்த் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. 1999-இல் அரசு ஏற்ற விசைப்பலகை அது, அறிவியல் முறைப்படி நல்லதும்கூட. ஆனால் முப்பது வருடம் விரலில் ஊறியதை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகப் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் கிடைக்கிறது. அதில் சில குறிகள் மட்டும் அவர் விரல் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. அந்த விசைப்பலகை வரையறை சாதாரண உரைக் கோப்புதான். ஒரு பிரதி எடுத்து, அவரை அடிக்கச் சொல்லி, எந்த விசையில் எது வர வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லத் திருத்தினோம். ஒரு பயனருக்காகக் கருவியையே மாற்ற முடிந்த அந்த மாலையை நான் பெரிதாக நினைக்கிறேன். மூல நிரல் திறந்திருப்பதால் அந்தக் கடைக்காரருக்குக் கிடைத்த முதல் நேரடிப் பயன் அது.

அடுத்த சிக்கல் அழிக்கும் விசையில் வந்தது. தட்டச்சுப்பொறி முறையில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பழைய எழுத்துருவில் இவை மூன்றும் தனித்தனிக் குறிகள். கடைசியில் தவறாகக் கால் போட்டுவிட்டால் ஒருமுறை அழித்தால் கால் மட்டும் போகும், 'கெ' நிற்கும். ஒருங்குறியில் 'ொ' ஒரே குறி. ஒருமுறை அழித்தால் கொம்பும் காலும் சேர்ந்து போய் வெறும் 'க' நிற்கிறது. வேகமாக அடிப்பவர் திரையைப் பார்த்து அழிப்பதில்லை, எண்ணிக்கையில் அழிக்கிறார். முதல் வாரங்களில் அவர் அடித்த மனுக்களில் 'கெ' வர வேண்டிய இடங்களில் 'க' நின்றது இதனால்தான். "எனக்கு டைப்பிங்கே மறந்துபோச்சா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். காரணத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் முகம் தெளிந்தது. தன் தவறு இல்லை என்று தெரிந்ததே பாதி நிவாரணம். மீதிப் பாதி, 'முழு எழுத்தையும் சேர்த்து அழித்து மறுபடி அடி' என்று அவரே வைத்துக்கொண்ட வழக்கம்.

எழுத்தின் அளவு விஷயம் இதைவிடப் படுத்தியது. லிப்ரே ஆபீஸின் எழுத்துருச் சாளரத்தில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் இடமும், தமிழ் போன்ற சிக்கல் வரிவடிவங்களுக்கு வேறோர் இடமும் உண்டு. முதலில் கண்ணில் படுவது மேற்கத்தியம். அதில் 12-ஐ 14 ஆக்கினால் தமிழ் அசையாது. பழைய எழுத்துருவில் அடித்த காலத்தில் இந்தப் பிரச்சினையே வரவில்லை. அந்தக் கோப்புகளில் இருந்ததை மென்பொருள் ஆங்கிலம் என்றே நம்பியிருந்தது. முறையான தமிழுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை வருகிறது என்பது வருத்தமானது. தமிழ் எழுதும் ஒருவருக்கு அவருடைய சொந்த எழுத்து இரண்டாவது பெட்டியில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துருக் குடும்பத்தையும் ஒரே அளவையும் வைத்து வார்ப்புரு செய்து, எல்லா மாதிரிகளையும் அதன் மேல் ஏற்றினோம். அந்தச் சாளரத்தை அவர் திறக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போனது.

பாண்டு பேப்பர்

வாடகை ஒப்பந்தம் முத்திரைத்தாளில் அச்சாக வேண்டும். ஏ4-ஐ விட நீளமான தாள். மேல் பாதியில் அரசு முத்திரை இருக்கும். எழுத்து அதற்குக் கீழிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாள் கெட்டால் அந்தக் காசு கடைக்காரருடையது. அதோடு போவதில்லை, வாடிக்கையாளர் முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் மறுபடி நடக்க வேண்டும்.

லினக்ஸில் தாளின் அளவு மூன்று இடங்களில் இருக்கிறது: கோப்பின் பக்க அமைப்பில், அச்சிடும் சாளரத்தில், கணினியில் அந்தப் பிரின்டருக்கு வைத்த இயல்பு அமைப்பில். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சில நேரம் எழுத்து சுருங்கும், சில நேரம் மேலே ஏறும். அப்படி ஏறி, ஒப்பந்தத்தின் முதல் இரண்டு வரி முத்திரைக்கு மேலேயே அச்சாகி ஒரு தாள் வீணாயிற்று. கடைக்காரர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் விண்டோஸ் கணினியில் அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒப்பந்தம் எதையும் புதிய கணினியில் தொடவே இல்லை.

அவரைச் சமாதானப்படுத்த முயலாமல் காரணத்தை முதலில் நீக்கினோம். அதே பிரின்டரைக் கணினியில் இரண்டு பெயரில் சேர்த்தோம், ஒன்று 'ஏ4', இன்னொன்று 'பாண்டு'. இரண்டாவதில் தாளின் நீளம், சுருக்காமல் அச்சிடுவது எல்லாம் நிலையாக வைத்தாயிற்று. ஒப்பந்த மாதிரிகள் அந்த அளவோடு பொருந்தும்படி அமைக்கப்பட்டன. இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது பெயர் ஒன்றுதான். வெள்ளைத்தாளில் ஒரு பிரதி எடுத்து, முத்திரைத்தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வழக்கம் அவருடைய சொந்த யோசனை. அப்புறம் தாள் எதுவும் வீணாகவில்லை.

கடையிலிருந்த இன்னொரு பிரின்டர், பழைய லேசர், இதற்கெல்லாம் ஒத்துவரவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த லினக்ஸ் டிரைவர் நிறுவும்போது வேலை செய்யும், கணினியை அணைத்துப் போட்டால் பிரின்டர் தெரியாது. அதை விண்டோஸ் பக்கமே விட்டோம். இங்க் டேங்க் பிரின்டருக்குத் தனி டிரைவரே தேவைப்படவில்லை. கேபிளைச் சொருகியதும் அச்சும் வந்தது, ஸ்கேனும் வந்தது.

போட்டோ வேலை

இது உதவியாளரின் பொறுப்பு. பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸுடன், இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததாம். அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. யாரும் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை என்றார்.

போட்டோஷாப்புக்குப் பதிலாக வைத்த கிம்ப்பில் அவருக்கு முதல் நாளே அடி விழுந்தது. படத்தை வெட்டி, சரிசெய்து, வழக்கம்போல் கன்ட்ரோல் எஸ் அழுத்தினார். 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து கிம்ப்பில் 'சேமி' என்றால் அதன் சொந்த வடிவில் மட்டும்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'ஏற்றுமதி' என்ற வேறு கட்டளை. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அந்தச் சொந்த வடிவக் கோப்பு. தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று அவசரமாக வாங்கிப் போன பெண், தளம் ஏற்கவில்லை என்று ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். அடுக்குகளோடு வேலை செய்யும் ஓவியர்களுக்கு இந்தப் பிரிவு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜேபெக்கைத் திறந்து, ஜேபெக்காகவே வெளியே கொடுக்கும் ஒருவரின் வேலைக்கு நடுவே அது சுவராக நிற்கிறது.

கன்ட்ரோல் எஸ் விசையையே ஏற்றுமதிக்கு மாற்றிக் கொடுத்தோம். அடுத்து, அவர் நாளெல்லாம் செய்யும் ஒரு வேலையைத் தனியே எடுத்தோம். 3.5 சென்டிமீட்டருக்கு 4.5 சென்டிமீட்டர் அளவில் எட்டுப் படங்களை நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் அடுக்குவது. இதற்குக் கிம்ப்பைத் திறப்பதே வீண். கட்டளைகளாலேயே படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக்கை வைத்து ஒரு சிறு நிரல் எழுதி, மின்ட்டின் கோப்பு மேலாளரில் சேர்த்தோம். வெட்டிய படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'பாஸ்போர்ட் 8' என்பதைத் தேர்ந்தால், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413-க்கு 531 புள்ளியாக அளந்து, எட்டையும் அடுக்கி, அச்சுக்குத் தயாரான தாளாகக் கொடுத்துவிடும். பழைய முறையில் நாலைந்து கட்டம் தாண்டி வர வேண்டிய வேலை இது. "இது போட்டோஷாப்பை விட ஈஸியா இருக்கே அண்ணே" என்றார்.

பின்னணியை வெள்ளையாக்குவது, சட்டைக்குக் கோட்டு மாட்டிவிடுவது போன்றவற்றில் மட்டும் அவர் கை கிம்ப்புக்கு வரவில்லை. அந்த வேலை இன்றும் விண்டோஸ் கணினியில்தான் நடக்கிறது. வற்புறுத்தவில்லை.

பென் டிரைவ்

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்கள் இந்த மாதிரிக் கடைகளுக்குத் தீராத தலைவலி. ஒன்றில் ஷார்ட்கட் வைரஸ் இருந்தால் கடைக் கணினிக்கு ஒட்டி, அடுத்து வருபவர்களின் டிரைவ்களுக்கெல்லாம் பரவும். பழி கடைக்கு வரும்.

ஆவணி கடைசியில் ஒரு கல்லூரி மாணவர், தன் புராஜெக்ட் முழுக்கக் காணாமல் போய்விட்டது என்று டிரைவோடு வந்தார். லினக்ஸ் கணினியில் சொருகியதும் கோப்புறைகள் அத்தனையும் தெரிந்தன. அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. மறைவுக் குறியிட்டு ஒளித்துவைத்து, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டைக் காட்டும். பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் அமைப்பின் அந்த மறைவுக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸும் அங்கே ஓடவில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் வேறு டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வெளி டிரைவ் எதுவானாலும் முதலில் புதிய கணினியில்தான் சொருக வேண்டும் என்று கடையில் அவரே விதி போட்டார். எங்கள் பரிந்துரைகள் செய்யாததை இது செய்தது. அவர் புதிய கணினியை நம்பி உட்கார ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

விளைவு

தை மாத நிலவரம் இது. தட்டச்சு, ஒப்பந்தம், மனு, ஆன்லைன் விண்ணப்பம், ஸ்கேன் ஆகியவை லினக்ஸ் கணினியில். புகைப்படத் திருத்தம், பழைய லேசர் பிரின்டர், பழைய கோப்புக் களஞ்சியம் ஆகியவை விண்டோஸ் கணினியில். ஆதரவு முடிந்துவிட்டதால் அந்த விண்டோஸ் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவே கோப்புகள் ஒரு பென் டிரைவில் போய் வருகின்றன. இது முழு வெற்றி இல்லை. ஆனால் கடை தொடர்ந்து நடக்கிறது, புதிய கணினி வாங்கும் கடன் விழவில்லை, தட்டச்சு வேகம் புரட்டாசிக்குள் பழையபடி வந்துவிட்டது.

பிடிஎஃப் ஆக்கும் பட்டன் மேலேயே இருப்பது அவருக்கு மிகவும் பிடித்த வசதி. நாங்கள் வாய் வலிக்கச் சொன்ன சுதந்திரம், உரிமம் பற்றியெல்லாம் அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. "ரெய்டு வந்தா பயமில்ல இந்த மிஷின்ல" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அவர் வாழ்க்கையில் உரிமம் என்பது அந்த வடிவில்தான் வருகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள நம்மவர்கள் பழக வேண்டும்.

எங்கள் வட்டத்தில் அடிக்கடி சொல்லப்படும் 'எல்லாம் பழக்கம்தான், போகப் போகச் சரியாயிடும்' என்ற வாதத்தை இந்த நிகழ்வுக்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடையில் வேலை நின்ற இடங்களைப் பாருங்கள்: இரண்டு எழுத்துருப் பெட்டிகள், மூன்று தாள் அளவுகள், சேமித்தும் வெளியே போகாத படம். இவற்றில் ஒன்றுகூடப் பெரிய வசதிக் குறைவு கிடையாது. செய்ய வேண்டியது எல்லாம் அந்த மென்பொருள்களில் ஏற்கெனவே இருந்தது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பழக்கத்தால் சரியானது அழிக்கும் விசை ஒன்றே. மற்றவற்றை யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

அடுத்த கடையில் மாற்றப்போவது

பக்கத்து ஊரில் இன்னொரு கடை கேட்டிருக்கிறது. அங்கே வரிசை மாறும். பென் டிரைவ், ஸ்கேன், பிடிஎஃப் ஆகியவற்றோடு தொடங்கி, லாபம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தட்டச்சுக்கு வருவோம். முத்திரைத்தாள் அச்சு கடைசி. வெள்ளைத்தாளில் சோதித்து முடிக்கும் வரை அந்த வேலை பழைய கணினியில்தான்.

திருத்திய விசைப்பலகைக் கோப்பு, இரட்டை எழுத்துரு வார்ப்புரு, போட்டோ நிரல், 'பாண்டு' பிரின்டர் அமைப்பு ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகக் கட்டிவைக்கும் வேலை நடக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் இதை முதலிலிருந்து செய்ய ஆள் கிடைக்காது. எழுத்துருச் சாளரம் பற்றி உருவாக்குநர்களுக்கு எழுதும்போது, 'தமிழ் மாறவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், கடைக்காரர் என்ன அழுத்தினார், என்ன எதிர்பார்த்தார், என்ன வந்தது என்பதைத் திரைப் பதிவோடு அனுப்ப அவரிடமே ஒப்புதல் வாங்கியிருக்கிறோம்.

பழைய லேசரின் டிரம் தேய்ந்துவருகிறது. அது நின்றால் புதிது வாங்குவதாகக் கடைக்காரர் முடிவு செய்திருக்கிறார். வாங்கும் முன் பெட்டியில் ஏர்பிரின்ட் (தனி டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிளின் முறை) முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அது இருந்தால் பொதுவாக லினக்ஸில் தனி டிரைவர் தேவைப்படாது, லினக்ஸ் கணினியிலிருந்தே எல்லா அச்சும் எடுத்துவிடலாம்.